தம்பி முகவரியில் அண்ணன் கடை

தீபாவளிச் சரக்கு வேகம் பிடிக்கத் தொடங்கியிருந்த நேரம். மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்பவர், எங்கள் வாடிக்கையாளர். எப்போதும் “ஏனுங்க மேடம், சாப்ட்டாச்சுங்களா” என்று ஆரம்பிக்கிற மனிதர், அன்று நேரே விஷயத்துக்கு வந்தார்.

“என்ர வெப்சைட்டத் தொறந்தா எங்கண்ணன் கடை வருதுங்க.”

அவர் ஏதோ தவறாகத் தட்டியிருப்பார் என்றுதான் நினைத்தேன். என் போனில் திறந்து பார்த்தேன். முகவரி அவருடையதுதான். ஆனால் பக்கத்தின் தலைப்பில் அண்ணன் கடைப் பெயர், அதையொட்டி அண்ணன் கடையின் வேல் படம், அதற்குக் கீழே அண்ணன் கடைச் சரக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் அண்ணன் கடை போன் நம்பர். தம்பியுடைய சரக்கு ஒன்றுகூட இல்லை.

அந்த அண்ணன் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தலைமுறை தலைமுறையாக நெசவு செய்த குடும்பம். அவர்களுடைய அப்பா தறியை விட்டுப் பனியன் வியாபாரத்துக்கு வந்து, தன் பெயரிலேயே காதர்பேட்டையில் கடை போட்டார். அவர் போனபின் பாகம் பிரிந்தது. பழைய கடை அண்ணனுக்கு. தம்பி அதே தெருவில் நாலைந்து கடை தள்ளிப் புதுக்கடை பிடித்து, அதற்கும் அப்பா பெயரையே வைக்கப்போவதாகச் சொன்னார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. வக்கீலிடம்கூடப் போனதாகச் சொல்வார்கள். கடைசியில் சொந்தக்காரர்கள் பேசி, தம்பி அப்பா பெயருக்கு முன்னால் ‘நியூ’ என்று சேர்த்துக்கொள்ளட்டும் என்று முடிந்தது. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இந்த ஊரில் அப்படி ஒரு பெயரும் அதற்கு ஒரு நியூவுமாக எத்தனையோ கடைகள் இருப்பதால் யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை.

இருவருமே எங்களிடம்தான் வெப்சைட் வைத்திருந்தார்கள். எங்களிடம் என்றால் நானும் என் கூட்டாளியும். டிப்ளமோவில் ஒன்றாகப் படித்தோம். அவள் அவிநாசியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கடைகளுக்குப் போய்ச் சரக்கைப் படம் எடுத்துப் பக்கங்களை வடிவமைப்பது அவள் வேலை. அந்தப் பக்கங்கள் இருக்கிற கம்ப்யூட்டர், அதாவது சர்வர், என் பொறுப்பு. காலர் பின்னும் மெஷின்கள் ஓடுகிற ஒரு கட்டடத்தின் மாடியில் ஒரே அறைதான் எங்கள் ஆபீஸ். தரை எப்போதும் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் கவனிப்பார்கள். எங்களுக்கு அது நின்றால்தான் தெரியும்.

ஒவ்வொரு கடைக்கும் சர்வரில் ஒரு சின்னக் கோப்பு உண்டு. கான்ஃபிக் என்போம். இந்த முகவரியை யாராவது கேட்டால் இந்த ஃபோல்டரில் இருக்கிற பக்கங்களைக் காட்டு என்று அதில் எழுதியிருக்கும். கடைக்காரர்கள் புதுச் சரக்கு போடும்போதெல்லாம் என் கூட்டாளி புது ஃபோல்டர் தயாரிப்பாள். அதன் பெயரை அந்தக் கோப்பில் மாற்றி எழுதவேண்டும். ஆரம்பத்தில் நானே ஒவ்வொன்றாகக் கையால் எழுதினேன். கடைகள் பெருகியதும் கண் பூத்துப்போய், அதற்கென்று ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல், எழுதினேன். விடியற்காலையில் அது தானாக ஓடும். ஒவ்வொரு கடையாக எடுக்கும், அந்தக் கடையின் கோப்பைத் தேடும், ஃபோல்டர் வரியை மாற்றும், கடைசியில் எல்லாவற்றையும் புதிதாகப் படித்துக்கொள் என்று, பக்கங்களைக் காட்டுகிற மென்பொருளான வெப் சர்வரிடம் சொல்லும். ஊர் விழித்துக் கடை திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இதுவரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. அதனால் அதற்குள் என்ன எழுதினேன் என்பதே எனக்குப் பாதி மறந்துபோயிருந்தது.

அந்த வாரம்தான் எல்லாக் கடைகளையும் பழைய சர்வரிலிருந்து பெரிய சர்வர் ஒன்றுக்கு மாற்றியிருந்தேன். மாற்றும்போது ஏதோ இடம் மாறியிருக்கிறது என்று நினைத்து, தம்பி கடைக் கோப்பைத் திறந்தேன். ஃபோல்டர் வரியில் அண்ணன் கடை ஃபோல்டர் இருந்தது. சரியானதை எழுதி, சர்வரைப் படிக்கச் சொல்லி, அவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். போச்சாது விடுங்க என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை மறுபடியும் அண்ணன் கடை.

இந்தத் தடவை அவர் போன் செய்யவில்லை. நான் ஆபீஸுக்குப் போனபோது வாசல் படியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. நாக்பூரில் சரக்கு வாங்குகிற ஒரு பார்ட்டி, பல வருஷப் பழக்கம், நேற்று இவர் அனுப்பிய லிங்க்கைத் திறந்து, அதில் இருந்த நம்பருக்கு ஆர்டர் சொல்லிவிட்டாராம். அந்த நம்பர் அண்ணனுடையது.

“எங்கண்ணன் ஆள வெச்சுப் பண்றாருங்க மேடம். அவரும் உங்க கஸ்டமர்தானுங்க. உள்ள போறதுக்கு அவருக்கும் ஒரு பாஸ்வேர்டு குடுத்திருப்பீங்கல்ல.”

அப்படி எந்தப் பாஸ்வேர்டும் எந்தக் கடைக்காரரிடமும் இல்லை, சர்வருக்குள் போக என்னால் மட்டும்தான் முடியும் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. அவருடைய பார்வை மேசைமேல் இருந்த படங்களில் போய் நின்றது. என் கூட்டாளி முந்தின வாரம் அண்ணன் கடையில் எடுத்த படங்கள். அவர் எங்களையும் சேர்த்தே சந்தேகப்படுகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கே சர்வரின் பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் மாற்றினேன். கோப்பைத் திருத்தினேன். அதோடு, எதற்கும் இருக்கட்டும் என்று, ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளும் கடைகளிலிருந்து தம்பி கடையை நீக்கிவிட்டேன். இனி அந்தக் கடையை ஸ்கிரிப்ட் தொடாது. பாஸ்வேர்டு தெரியாமல் வேறு யாரும் தொடவும் முடியாது. அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த நாள் விடிந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, போனில் அந்த முகவரியைத் திறந்தேன். அண்ணன் கடைதான் வந்தது.

அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்காமல் நின்றேன். ஸ்கிரிப்ட் தொடவில்லை, நான் தொடவில்லை, அப்படியென்றால் வேறு யாரோ தொட்டிருக்கவேண்டும். அண்ணனை எனக்குத் தெரியும். கணக்கு வழக்கில் கறாரான மனிதர், ஆனால் இப்படிச் செய்கிறவர் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று காலை அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. என் கூட்டாளியும் அதையேதான் வேறு மாதிரி கேட்டாள், அண்ணன் கடையில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் யாராவது புதிதாகச் சேர்ந்திருக்கிறார்களா என்று.

சர்வருக்குள் யார் யார் வந்துபோனார்கள் என்ற பதிவைப் பார்த்தேன். என்னைத் தவிர யாரும் வரவில்லை. பிறகு அந்தக் கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று பார்த்தேன். ஸ்கிரிப்ட் ஓடுகிற அதே நிமிஷம். திருடன் ஒருவன் வந்திருந்தால், என் ஸ்கிரிப்ட் ஓடுகிற நிமிஷத்தைச் சரியாகக் கணக்குப் பண்ணி, தடயம் இல்லாமல் வந்து, ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டுப் போயிருக்கவேண்டும். காதர்பேட்டையில் பனியன் விற்கிற யாருக்கும் அவ்வளவு பொறுமை இருக்காது. கோப்பை மறுபடி திருத்தி வைத்தேன்.

மத்தியானம் போல அண்ணன் போன் செய்தார். அறுபதைத் தொட்டவர். என்னை எப்போதும் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. முந்தின நாள் அவிநாசியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, அண்ணன் தன் வியாபாரத்தைத் திருடுகிறார் என்று தம்பி சொல்லியிருக்கிறார். அண்ணனும் அங்கேதான் இருந்திருக்கிறார். சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டாராம்.

“என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியோணும் அம்மிணி. நான் ஒண்ணும் பண்ணலைங்கறது எனக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியோணுமில்ல.”

கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றேன்.

என் கூட்டாளி யோசனை சொன்னாள். நியாயமான யோசனைதான். “தீபாவளி வரைக்கும் ஸ்கிரிப்ட நிறுத்திப்போடு புள்ள. கையிலயே மாத்திக்கலாம், நானும் கூட உக்காந்துக்கறேன். பொறவு நிதானமாப் பாக்கலாம்.”

நிறுத்தினால் தொந்தரவு நின்றுவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாஸ்வேர்டு மாற்றியதும் அண்ணனுக்குப் பயம் வந்துவிட்டது, அதனால்தான் நின்றது என்று தம்பி சொல்வார். பந்தியில் சொன்ன வார்த்தை அப்படியே நிலைத்துவிடும். அது மட்டுமில்லை. நான் எழுதிய ஒன்று, நான் சொல்லாததைச் செய்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு மற்றக் கடைக்காரர்களின் முகத்தில் எப்படி விழிப்பது? முடியாது என்று சொல்லிவிட்டேன்.  அவள் என் போனை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள்.

அடுத்த நாள் காலை ஆபீஸுக்குப் போனதும் மறுபடி கெட்டிருந்த தம்பி கடைக் கோப்பைக் கையால் திருத்திவிட்டு, சர்வரில் இருந்த எல்லாக் கோப்புகளையும் என் லேப்டாப்புக்கு நகல் எடுத்தேன். ஸ்கிரிப்டை, நான் தனியாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த பிரதியிலிருந்து எடுத்தேன். லேப்டாப்பிலேயே ஒரு வெப் சர்வரை ஓடவிட்டு, விடியற்காலையில் நடப்பதை அப்படியே பகலில் நடத்திப் பார்ப்பதுதான் திட்டம். ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். தம்பி முகவரியைத் திறந்தேன்.

தம்பி கடை வந்தது.

மறுபடி ஓடவிட்டேன். தம்பி கடைதான். மற்றக் கடைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். அவரவர் முகவரியில் அவரவர் சரக்கு, ஒரு குறையும் இல்லை. அதே கோப்புகள், அதே ஸ்கிரிப்ட். அங்கே தப்பாக வருவது இங்கே சரியாக வருகிறது. தவறு நடந்தால் பிடித்துவிடலாம். சரியாக நடப்பதில் எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. டீ வந்தது, ஆறியது. கீழே கரண்ட் போய் மெஷின்கள் நின்றன, திரும்ப ஓடின.

ஸ்கிரிப்டை முதல் வரியிலிருந்து படித்தேன். படித்தது எல்லாமே நான் எழுதியது என்பதால் கண் வழுக்கிக்கொண்டே போனது. என்ன எழுதியிருக்கிறது என்பதற்குப் பதிலாக என்ன எழுத நினைத்தேன் என்பதைத்தான் மனம் படித்தது. சாப்பாட்டு நேரத்தில் கூட்டாளி தன் தூக்கிலிருந்து கொஞ்சம் கொள்ளுப் பருப்புச் சோறு எடுத்துவைத்து, அங்கேயும் இங்கேயும் உண்மையிலேயே எல்லாம் ஒன்றுதானா என்று கேட்டாள். ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், பாதியில் நிறுத்தினேன். ஒன்று இல்லை. சர்வரில் இருக்கும் ஸ்கிரிப்டிலிருந்து தம்பி கடையை நான் நீக்கியிருந்தேன். லேப்டாப்பில் ஓடியது பத்திரப்படுத்திய பழைய பிரதி. அதில் தம்பி கடை இருந்தது.

கையைக் கழுவிவிட்டு வந்து, லேப்டாப்பிலும் தம்பி கடையை நீக்கினேன். ஓடவிட்டேன். திறந்தேன்.

வேலும் அண்ணன் கடைப் பெயரும் வந்து நின்றன.

என் மேசைமேல், என் லேப்டாப்பில், அண்ணனோ அவருடைய ஆளோ யாருமே எட்டமுடியாத இடத்தில் அது நடந்தது. கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, “அப்ப யாருமே பண்ணலயா” என்றாள். யாரும் செய்யவில்லை. என் ஸ்கிரிப்ட்தான் செய்தது. தொடாதே என்று நான் நீக்கிவைத்த கோப்பைத் தேடிப்போய் மாற்றியிருக்கிறது. பயமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. நிம்மதிதான் அதிகம். யாரோ ஒரு மனிதன் என்றால் நான் என்ன செய்திருப்பேன்? இது நான் எழுதியது, இதை என்னால் கேட்கமுடியும்.

கேட்டேன். எதையும் மாற்றாதே, எந்தக் கடைக்காக எந்தக் கோப்பை மாற்றப்போகிறாய் என்று மட்டும் திரையில் எழுதிக் காட்டு என்று ஸ்கிரிப்டைத் திருத்தினேன். வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. ஒரு கடை, ஒரு கோப்பு. அடுத்த கடை, ஒரு கோப்பு. அண்ணன் கடை வந்தபோது இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்று தம்பியுடையது.

அதன்பிறகு பிடிக்க நேரமாகவில்லை. கடையின் கோப்பைத் தேடு என்ற இடத்தில், இந்தப் பெயர் எந்தக் கோப்பில் இருக்கிறதோ அதை எடு என்று எழுதியிருந்தேன். அண்ணன் கடையின் பெயர் அவர்களுடைய அப்பாவின் பெயர். தம்பி கடையின் பெயரில் ‘நியூ’வுக்கு அடுத்து இருப்பதும் அதே பெயர், இடைவெளிகூட இல்லாமல். அண்ணனைத் தேடிப்போன ஸ்கிரிப்ட், தம்பி கோப்புக்குள்ளும் அப்பாவின் பெயரைக் கண்டுவிட்டு, இதுவும் அண்ணனுடையதுதான் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறது.

கூட்டாளி உடனே தம்பிக்குப் போன் செய்யலாம் என்றாள். வேண்டாம் என்றேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இந்தத் தவறு ஸ்கிரிப்டில் முதலிலிருந்தே இருக்கிறது என்றால், இத்தனை காலம் ஏன் தெரியவில்லை? இதற்குப் பதில் இல்லாமல் போய் நின்றால் தம்பி முதலில் கேட்கப்போவது அதைத்தான். நானும் அதையேதான் கேட்பேன்.

தம்பி கடையைத் திரும்பச் சேர்த்து, லேப்டாப்பில் இந்தத் தடவை மாற்றவும் செய், மாற்றுவதை எழுதியும் காட்டு என்றேன். இப்போது அண்ணன் முறையில் இரண்டு கோப்புகள் மாறின, அதில் தம்பியுடையதும் தப்பாக மாறியது. அதற்குப் பின்னால் தம்பி முறை வந்தது, தம்பி கோப்பு மறுபடி சரியாக மாறியது. முதலில் கெடுத்ததை அடுத்த நொடியில் அதுவே திருத்திக்கொண்டது. அண்ணன் முதலில், தம்பி பிறகு என்று வரிசை இருக்கும்வரை ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தம்பி முதலில் வந்து அண்ணன் பிறகு வந்தால் கெட்டது கெட்டபடியே நிற்கும். எந்த வரிசையில் எடுக்கவேண்டும் என்று நான் ஸ்கிரிப்டில் சொல்லவே இல்லை. எடு என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு மெஷினும் தன் போக்கில் ஒரு வரிசையில் கொடுத்தது. பழைய சர்வரை நான் இன்னும் கைவிட்டிருக்கவில்லை. அதற்குள் போய் வரிசையைப் பார்த்தேன். அண்ணன், பிறகு தம்பி. புதிய சர்வரில் பார்த்தேன். தம்பி, பிறகு அண்ணன். நான் தம்பியை நீக்கியபோது திருத்துவதற்கு ஆளே இல்லாமல் போய்விட்டது. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்து ஒரு முடிச்சும் மிச்சமில்லை.

திருத்துவது சின்ன வேலை. தேடுவதையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு கடைக்கும் முழுப் பெயரில் ஒரே கோப்பு, அதை நேராகத் திற என்று எழுதினேன். ஒரு கடைக்காக ஒன்றுக்கு மேற்பட்ட கோப்பைத் தொட நேர்ந்தால் எதையும் மாற்றாமல் நின்று எனக்குத் தகவல் அனுப்பு என்றும் சேர்த்தேன். லேப்டாப்பில் வரிசையை நேராகவும் தலைகீழாகவும் மாற்றி மாற்றி ஓடவிட்டேன். எப்படி ஓடினாலும் தம்பி முகவரியில் தம்பி கடைதான் வந்தது. பிறகு ஒருவர் பெயருக்குள் இன்னொருவர் பெயர் இருக்கிற கடைகள் வேறு உண்டா என்று பார்த்தோம். லேபிள் அடிக்கிற ஒரு கம்பெனியும், அவர்களே நடத்துகிற இன்னொரு கம்பெனியும் அகப்பட்டன. அவர்களுடைய பக்கமும் அந்த வாரம் முழுவதும் மாறித்தான் இருந்திருக்கிறது. கூட்டாளி போன் செய்து வருத்தம் தெரிவித்தபோது, தங்களுக்கு வெப்சைட் இருப்பதே மறந்துபோய்விட்டது என்று சொல்லிச் சிரித்தார்களாம்.

மறுநாள் விடிந்ததும் பக்கம் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு காதர்பேட்டைக்குப் போனேன். முதலில் தம்பி கடை. இந்திக்காரப் பார்ட்டிகள் இரண்டு மூன்று பேர் ஜட்டிக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து, அவர் கண்முன்னாலேயே பழைய ஸ்கிரிப்டை ஓடவிட்டுக் காட்டினேன். அண்ணன் கடை வந்தது. புதியதை ஓடவிட்டேன். அவருடைய கடை வந்தது. ஏன் இப்படி ஆனது என்பதைப் பெயரை எழுதியே காட்டினேன். தவறு என்னுடையது, உங்கள் அண்ணன் பக்கமிருந்து யாரும் எதையும் தொடவில்லை என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. திரையில் இருந்த இரண்டு பெயர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“பந்தியில வெச்சுச் சொல்லிப்போட்டனுங்க.”

தெரியும் என்றேன். தனக்குப் பதிலாக அண்ணனிடம் நானே போய்ச் சொல்லிவிட முடியுமா என்று கேட்டார். மெஷின் செய்ததை நான் சொல்கிறேன், அது என் கடமை, ஆனால் பந்தியில் சொன்னதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை என்றேன். இதைக் கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று பிறகு தோன்றியது. 

அண்ணன் கடை அங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான். அவர் அப்போதுதான் முருகன் படத்துக்குப் பூ வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு லேப்டாப் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாயால் சொன்னதே போதும் என்றார். முழுவதையும் கேட்டார். நடுவில் ஒரு கேள்விதான் கேட்டார், தம்பி அனுப்பி வந்தேனா நானாக வந்தேனா என்று. நானாகத்தான் வந்தேன், ஆனால் தம்பியும் போய்ச் சொல்லச் சொன்னார் என்று உள்ளதைச் சொன்னேன்.

அந்த வாரம் பழக்கமில்லாத பார்ட்டிகள் சிலர் போன் செய்தார்கள் என்றும், புதுப் படங்களைப் பார்த்து வந்தவர்கள் என்று தான் நினைத்துக்கொண்டதாகவும் சொன்னார். மேனேஜரைக் கூப்பிட்டு, அந்த ஆர்டர்களில் இன்னும் லாரி ஏறாதவை எவை என்று கேட்டு, அவற்றைத் தம்பி கடைக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார். நாக்பூர்ப் பார்ட்டிக்குத் தானே போன் போட்டு, நீங்கள் தேடியது என் தம்பி கடை, நம்பர் இது என்று தெரிந்த இந்தியில் சொன்னார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இனி இப்படி வராம இருக்கறதுக்கு அவன் பேர மாத்தோணுங்களா?”

தேவையில்லை, ஸ்கிரிப்டைத் திருத்தியாகிவிட்டது, இரண்டு பெயரும் அப்படியே இருக்கலாம் என்றேன்.

“இருக்கட்டும். பேர மாத்துன்னு அவங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க அம்மிணி. அவனுக்கும் அது அப்பன் பேருதான்.”

வக்கீல்வரை போனவர் சொன்னார் அதை. சொல்லிவிட்டுக் கல்லாவைத் திறந்து வேறு ஏதோ தேடத் தொடங்கிவிட்டார். நான் விடைபெற்றுக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பும் வழியில் தம்பி தன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டார். ஆர்டர்கள் வந்துசேரும் என்றேன். வேறு என்ன சொன்னார் என்றார். பெயரைப் பற்றிச் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல, மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரர் வழி கேட்டுக்கொண்டே இருந்தும் அவர் நகராமல் நின்றார்.

அவர்கள் இருவரும் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். அதே சொந்தக்காரர் வீட்டில் அடுத்து நடந்த ஒரு விசேஷத்தில், தான் தப்பாகப் பேசிவிட்டதாகத் தம்பி எல்லார் முன்னாலும் சொன்னார் என்று கூட்டாளிதான் கேட்டு வந்து சொன்னாள். அண்ணன் சரி என்று மட்டும் சொன்னாராம், ஆனால் அன்று சாப்பிட்டுவிட்டுத்தான் போனாராம். வழிதவறி வருகிற போன்களை இப்போது இரண்டு கடைக்காரர்களும் ஒருவருக்கொருவர் திருப்பிவிடுகிறார்கள். அது வியாபாரத்துக்காகவும் இருக்கலாம்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு காலை, மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது ஸ்கிரிப்டிடமிருந்து தகவல் வந்தது. ஒரு கடைக்காக இரண்டு கோப்புகளைத் தொட நேர்ந்ததாம், எதையும் மாற்றாமல் நின்றுவிட்டதாம். முந்தின நாள் சேர்த்த புது வாடிக்கையாளருடைய பெயருக்கு நேரே நான் அவசரத்தில் இரண்டு கோப்புகளை எழுதியிருந்தேன். பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். வேன் ஹாரன் அடிப்பதற்குள் திருத்தி, இன்னொரு தடவை ஓடவிட்டு, கடைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அப்புறம்தான் மறு பின்னலைப் போட்டேன்.